மறதி நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால்...

மறதி நோய் உள்ள முதியவரைப் பராமரிக்கும் வீடுகளில் இப்படியொரு பேச்சை நீங்கள் கேட்டிருக்கலாம். "போன கிழமை வரைக்கும் உம்மும்மா எங்களை அடையாளம் கண்டு பேசிக்கொண்டிருந்தாங்க. இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தாங்க. எழும்பின பிறகு சொந்தப் பிள்ளையையே யார் என்று கேட்கிறாங்க." கேட்பவர்கள், "வயசு போனால் அப்படித்தான்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

சகோதரிகளே, அது வெறும் வயதின் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். நெஞ்சிலோ சிறுநீர்ப்பையிலோ ஏற்படும் கிருமித் தொற்று, மூளையில் ஏற்கெனவே இருக்கும் நோயைத் தூண்டிவிடக்கூடும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். இதில் பெரும் பங்கு வகிக்கும் ஒன்று, நம் உடலைக் காக்கவே படைக்கப்பட்ட ஒரு புரதம்!

அபாய மணி அடிக்கும் புரதம்

கையில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிக்கிறது அல்லவா? இதைத்தான் அழற்சி என்கிறோம். கிருமி நுழைந்த செய்தியை ஒரு கலம் மற்றக் கலங்களுக்கு அறிவிக்கச் சில புரதங்களை வெளியிடுகிறது. அவற்றுள் முக்கியமானது டி.என்.எப். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் 'டியூமர் நெக்ரோசிஸ் பெக்டர்'. எலிகளின் உடலில் வளர்ந்த கட்டிகளை இது அழிப்பதை 1975ஆம் ஆண்டு நியூயோர்க்கில் லோயிட் ஓல்ட் என்பவரும் அவரது சகாக்களும் கண்டார்கள். அதனாலேயே இதற்கு 'கட்டியை அழிக்கும் காரணி' என்ற பொருளில் பெயர் வந்தது.

காய்ச்சல் வரும்போது நமக்குச் சாப்பாடு பிடிக்காமல் போவதும், படுத்தே கிடக்கத் தோன்றுவதும் டி.என்.எப். போன்ற புரதங்கள் மூளைக்கு அனுப்பும் செய்தியால்தான். வேறு வேலைகளைக் குறைத்து, கிருமியை எதிர்க்க உடல் தன் பலத்தைச் சேமிக்கிறது. கிருமி அழிந்ததும் மணி ஓய்ந்துவிட வேண்டும். ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் என்ன நடக்கும்?

மூளையின் காவலர்கள்

மூளைக்கும் சொந்தமாகக் காவலர்கள் உண்டு. மைக்ரோகிளியா என்னும் இச்சிறு கலங்களை 1919இல் தனியாக இனங்கண்டு பெயரிட்டவர், ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஹோர்டேகா. நல்ல வீட்டுக்காரியைப் போல இவை மூளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, இறந்த கலங்களையும் கழிவுகளையும் அகற்றுகின்றன.

மறதி நோய்களில் அதிகமாகக் காணப்படுவது அல்சைமர் நோய். 1906இல் ஜேர்மன் வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர், இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையைப் பரிசோதித்து இந்நோயை முதன்முதலில் விவரித்தார். அமிலோயிட் என்னும் புரதம் மூளையில் திட்டுத்திட்டாகப் படிவது இதன் அடையாளங்களில் ஒன்று. காவற்கலங்கள் அந்தப் படிவுகளைச் சூழ்ந்துகொள்கின்றன, டி.என்.எப்.பை வெளியிடுகின்றன. படிவு கரையாததால் மணியும் ஓய்வதில்லை.

இதன் விளைவை 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பென் பாரஸின் குழுவினர் விளக்கினார்கள். காவற்கலங்கள் டி.என்.எப்.புடன் வேறு இரு புரதங்களையும் சேர்த்து வெளியிடும்போது, நரம்புக் கலங்களைப் பராமரிக்கும் அஸ்ட்ரோசைட் கலங்கள் குணம் மாறிவிடுகின்றன. தாதியாக இருந்தவை தம் வேலையைக் கைவிட்டு, நரம்புக் கலங்களையே கொல்லும் நஞ்சைச் சுரக்கின்றன!

இந்த நிலையில் உடலில் வேறெங்கோ கிருமி தொற்றினால், இரத்தத்தில் பெருகும் டி.என்.எப்.பின் செய்தி மூளைக்கும் எட்டுகிறது. ஏற்கெனவே உசாராக நிற்கும் காவற்கலங்கள் அளவுக்கு மீறிப் பொங்கிவிடுகின்றன.

முந்நூறு நோயாளிகள் காட்டியது

இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகரைச் சேர்ந்த வைத்தியர் கிளைவ் ஹோம்ஸும் குழுவினரும், அல்சைமர் நோயாளிகள் 300 பேரை ஆறு மாதங்கள் கவனித்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு அக்காலத்தில் தொற்று போன்ற ஏதாவது திடீர் அழற்சி ஏற்பட்டிருந்தது. அவர்களின் அறிவாற்றல் இரு மடங்கு வேகமாகக் குறைந்தது. ஆரம்பத்திலேயே இரத்தத்தில் டி.என்.எப். கூடுதலாக இருந்தவர்களில் அந்த வேகம் நான்கு மடங்கு! அது தொடர்ந்து குறைவாகவே இருந்தவர்களிடம் அந்த ஆறு மாதங்களில் வீழ்ச்சி தென்படவில்லை. டி.என்.எப். மட்டுமே காரணம் என்று இதனால் நிரூபணமாகிவிடவில்லை. ஆனாலும் நோயாளியைப் பராமரிப்பவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

மருந்தால் மணியை நிறுத்த முடியாதா?

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும், டி.என்.எப்.பைத் தடுக்கும் எட்டனர்செப்ட் என்ற ஊசி மருந்தை அதே நகரத்து ஆய்வாளர்கள் 41 அல்சைமர் நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2015இல் வெளியான முடிவில் தெளிவான பயன் தெரியவில்லை. இப்புரதத்தை முற்றாகத் தடுத்தால் கிருமியை எதிர்க்கும் பலமும் குறைந்துவிடும். சாதாரண வலி மாத்திரைகளான நெப்ரொக்சென், செலகொக்சிப் ஆகியவற்றைக் கொண்டு மறதி நோய் வராமல் தடுக்கலாமா என்று அமெரிக்காவில் முதியவர்களிடம் செய்த பரிசோதனையும் பலன் தரவில்லை. ஆகவே யாரோ சொன்னார்கள் என்று வலி மாத்திரைகளை வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும்.

உங்கள் கையில் இருப்பவை

மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக வளர்வது. நேற்று ளுஹரைச் சரியாகத் தொழுதவர் இன்று தொழுகையின் ஒழுங்கே தெரியாமல் திகைத்தால், இல்லாத ஆட்களோடு பேசினால், வழமைக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தால், அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் இருக்கலாம். "எப்போது தொடங்கியது? சிறுநீர் எப்படிப் போகிறது? இருமல் உண்டா? விழுந்தாரா? புதிய மருந்து ஏதும் எடுக்கிறாரா?" என்பவற்றை முன்கூட்டியே குறித்துக்கொண்டு போனால் வைத்தியருக்குப் பெரிய உதவி.

தாகம் எடுப்பதையே மறந்துவிடுபவர்கள் இவர்கள். வைத்தியர் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லியிராவிட்டால், கேட்கும் வரை காத்திராமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். உணவை நிமிர்ந்து உட்காரவைத்து ஊட்டுங்கள். படுக்கவைத்து ஊட்டினால் புரைக்கேறி நெஞ்சில் தொற்று உண்டாகலாம். வாயையும் பல்லையும் தினமும் சுத்தம் செய்யுங்கள். படுக்கையில் கிடப்பவரைத் திருப்பிப் படுக்கவைத்து, புண் வராமல் பாருங்கள்.

கடைசியாக உங்களுக்கும் ஒரு வார்த்தை. உடல் பருத்தவர்களின் கொழுப்பிலும் டி.என்.எப். கூடுதலாகச் சுரக்கிறது, அது இன்சுலினின் வேலைக்குத் தடையாகிறது. சீனி வருத்தமும் உயர் இரத்த அழுத்தமும் மறதி நோய்க்கு வழி வகுப்பவை. வீட்டில் எல்லோரையும் பராமரிக்கும் நீங்கள், தினமும் அரை மணி நேரம் நடப்பதற்கும், சீனியையும் பிரஷரையும் சோதித்துக்கொள்வதற்கும் நேரம் ஒதுக்குங்கள். உம்மும்மாவை அடுத்த முறை கிளினிக்குக்குக் கூட்டிப் போகும்போது, உங்கள் பிரஷரையும் பார்த்துக்கொண்டு வாருங்களேன்!