மாத்திரைக்கு அப்பால்

டிமென்ஷியா என்னும் மறதி நோயை அடியோடு குணப்படுத்தும் மாத்திரை இன்றுவரை இல்லை. ஆனால், முறையாக நடத்தப்படும் பேச்சும் பாட்டும் விளையாட்டும் பலன் தருகின்றன. இது வெறும் ஆறுதல் வார்த்தையல்ல; பரிசோதித்துப் பார்த்த முடிவு.

2003இல் பிரிட்டனில் ஏமி ஸ்பெக்டர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளம். சிறு குழுவாக அமர்ந்து ஏழு வாரங்களில் 14 அமர்வுகள். பங்கேற்ற முதியவர்களின் அறிவுத்திறனும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. 'அறிவுத் தூண்டல் சிகிச்சை' எனப்படும் இதைச் சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் நம் ஊர் முதியவர்களுக்கேற்ப மாற்றி நடத்திப் பார்த்தது.

இதன் முக்கிய விதி, பரீட்சை வைக்கக் கூடாது என்பது. நம் வீடுகளில் நடப்பதோ நேரெதிர். வருகிறவர்களெல்லாம் "தாத்தா, நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்பார்கள். பெயர் வராமல் அவர் கூனிக்குறுகிப் போவார். அதைவிட, விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் செய்து மூத்தவர் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து, "இந்த வண்ணம் நல்லாருக்கா?" என்று அபிப்பிராயம் கேட்கலாம். அபிப்பிராயத்தில் தப்பு கிடையாது. பேச்சு தானாக வளரும்.

சரி, பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது? பெரும்பாலும் பார்த்துக்கொள்பவர் மனைவியோ மகளோ மருமகளோதான். கோவாவில் 81 குடும்பங்களிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று வழிகாட்டினார்கள். பராமரிப்பவர்களின் மன உளைச்சல் குறைந்தது. ஒவ்வொரு வட்டத்துக்கும் இப்படிச் சிலர் தேவை.

அதுவரை, மனச்சோர்வுக்கு டெலி-மானஸ் 14416, முதியோர் உதவிக்கு 14567 எண்களை அழையுங்கள். இரண்டுக்கும் கட்டணமில்லை.