லிஃப்டில் ஒரு நாய்

‘நாய்கள் ஜாக்கிரதை’ என்ற பலகை தொங்கிய பங்களாக்கள் குறைந்துவிட்டன. பெருநகர நாய்கள் இப்போது எட்டாவது மாடியில் வசிக்கின்றன. மதில் சுவர் கிடையாது. எல்லோருக்கும் ஒரே லிஃப்ட், ஒரே நடைபாதை, ஒரே பூங்கா. நாயைப் பிள்ளையாக வளர்ப்பவரும் அதைக் கண்டாலே நடுங்குபவரும் ஒரு சின்னப் பெட்டிக்குள் சேர்ந்து இறங்கியாக வேண்டும்.

குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் பார்க்கிங்குக்கு அடுத்த தகராறு இதுதான். ‘நாய் வைத்திருப்பவர்கள் காலி செய்யட்டும்’ என்று கை தூக்கி, பெரும்பான்மையில் தீர்மானம் போடுவது எளிது. ஆனால் அது செல்லாது. வளர்ப்பு நாயைத் தடை செய்யச் சங்கங்களுக்கு அதிகாரமில்லை என்று 2015-ல் இந்திய விலங்குகள் நல வாரியம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. குரைக்கிறது என்பது தடைக்குக் காரணமாகாது. லிஃப்டை மறுக்கவோ தனிக் கட்டணம் வசூலிக்கவோ கூடாது. தடை விதிக்கும் சங்க விதிகள் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றமும் 2021-ல் தீர்ப்பளித்தது. அண்டை வீட்டாரின் நெருக்கடிக்குப் பயந்து நாயைத் தெருவில் விட்டுவிட்டு வந்தால், 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி வளர்த்தவரே குற்றவாளியாகலாம்.

சட்டம் நாய் வளர்ப்பவர் பக்கம். அச்சத்துக்கும் நியாயம் இருக்கிறது. 2022 செப்டம்பரில், டில்லியை அடுத்த காஸியாபாத்தில் ஒரு குடியிருப்பின் லிஃப்டுக்குள் சிறுவன் ஒருவனை வளர்ப்பு நாய் கடித்தது. அவன் வலியில் துடிக்க, நாயின் சொந்தக்காரர் பேசாமல் நின்றதைக் கேமரா படம்பிடித்தது. நாடே கொதித்தது. பதிவு செய்யாத நாய் என்பதால் மாநகராட்சி விதித்த அபராதம் 5,000 ரூபாய்.

பக்கத்து ஊரான நொய்டா அதே ஆண்டு நவம்பரில் விதிகளை இறுக்கியது. பதிவும் தடுப்பூசியும் கட்டாயம். பொது இடத்தில் அசுத்தம் செய்தால் வளர்ப்பவரே அள்ள வேண்டும். நாய் கடித்தால் 10,000 ரூபாய் அபராதத்துடன் சிகிச்சைச் செலவும் அவர் தலையில்.

‘நாய்க்கு இடமுண்டு’ என்று விளம்பரம் செய்தால் மட்டும் ஒரு குடியிருப்பு அப்படி ஆகிவிடாது. தினசரிப் பழக்கங்கள்தான் அதை உருவாக்குகின்றன. லிஃப்ட் கதவு திறக்கும்போது நாயைச் சுவரோரம் உட்கார வைத்துக் கயிற்றைக் குறுக்கிப் பிடிப்பது. உள்ளே குழந்தை இருந்தால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பது. வெறிநாய்க்கடி தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்குமுன் காட்டுவது. சங்கமும் தன் பங்குக்குப் பூங்காவில் நாய்களுக்கென்று நேரம் ஒதுக்கலாம். வாரியத்தின் நெறிகளே அதற்கு இடம் தருகின்றன. மீறிக் கடித்துவிட்டால் வாக்குவாதத்துக்கு முன் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ஊசிக்கு ஓட வேண்டும்.

நாயை நேசிக்கும்படி எந்த நீதிமன்றமும் அண்டை வீட்டாருக்கு உத்தரவிட முடியாது. அவர்கள் பயமின்றி லிஃப்டில் ஏறுவது, கயிற்றைப் பிடித்திருக்கும் கையில் இருக்கிறது.