48 மணி நேரத்துக்குப் பின்

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. தலைக்காயம் பட்டவருக்கு இந்த முதல் மணி நேரங்களே உயிரைத் தீர்மானிப்பவை என்பதால் இத்திட்டத்தின் அருமை பெரிது. ஆயினும், உயிர் பிழைத்து வீடு திரும்பியபின் ஆண்டுக்கணக்கில் நீளும் காலத்தைப் பெரும்பாலான குடும்பங்கள் துணையின்றியே கடக்கின்றன.

மூளைக்காயத்தின் விளைவுகளில் கைகால் தளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். நெற்றிக்குப் பின்னால் அமைந்த முன்மடல் பாதிக்கப்படுவதால் நேர்பவை எளிதில் தெரிவதில்லை. திட்டமிடுவதற்கும், தொடங்கியதை முடிப்பதற்கும், சினத்தை அடக்குவதற்கும் துணைநிற்கும் பகுதி அது. அது சிதைந்தால், நெடுங்காலம் சமைத்துப் பழகியவரே பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அது பொங்கி வழிவதைப் பார்த்தபடி அணைக்கத் தோன்றாமல் நிற்கக்கூடும். உறவினர் அதைச் சோம்பல் என்றோ வீம்பு என்றோ எண்ணிக் கடிந்துகொள்வார்கள். தன்னிடம் குறை இருப்பதையே மூளை உணராத நிலையும் சிலருக்கு உண்டாவதால், மாத்திரை கொடுக்கும் மனைவியையே அவர் பகையாகக் கருதுவதும் நேர்கிறது.

‘உயிர் பிழைத்ததே பெரிது’ என்று பார்க்க வருவோர் சொல்லும் ஆறுதல், பராமரிப்பவரின் துயரத்துக்கு இடமே வைப்பதில்லை. உடலால் அருகில் இருந்தும் பழைய இயல்பில் இல்லாத ஒருவரைக் குறித்து எழும் இத்துயரத்தை அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்கிறார். சாவுக்கு அழவும் கூடிநிற்கவும் சடங்கு உண்டு, இதற்கு எந்தச் சடங்கும் இல்லை. அதே நிலையில் இருக்கும் இன்னொரு குடும்பத்துடன் பேசுவதால் கிடைக்கும் தெளிவு மருத்துவருடைய சில நிமிட ஆலோசனையில் கிடைப்பதன்று. ஆகவே அத்தகைய சந்திப்பைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

இத்தகைய குடும்பங்களுக்குத் துணைநிற்பதற்குப் பிற நாடுகளில் முன்மாதிரிகள் உண்டு. விபத்தில் மகளுக்கு மூளைக்காயம் ஏற்பட்டபின் தக்க மறுவாழ்வுச் சிகிச்சை தேடி அலைந்த மர்லின் ஸ்பிவாக் என்ற தாய், 1980இல் அமெரிக்காவின் தேசியத் தலைக்காய அமைப்பைத் தொடங்க முன்னின்றார். பிரிட்டனில் இயங்கும் ஹெட்வே அமைப்பு 2017இல் மூளைக்காய அடையாள அட்டை ஒன்றை அறிமுகப்படுத்தியது. குழறும் பேச்சையும் தள்ளாடும் நடையையும் கண்டு குடிபோதை என்று காவலர் தவறாக முடிவு செய்யாதிருக்க, அட்டைக்குரியவரின் படத்துடன் அவருக்குள்ள சிரமங்களும் அதில் குறிக்கப்படுகின்றன.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டாலும், மூளைக்காயம் அதில் தனிவகையாக இடம்பெறவில்லை. அதன் விளைவுகள் வேறு வகைகளுக்குள் பொருந்தினால்தான் சான்றிதழ் கிடைக்கும். நினைவு மங்கலும் சினமும் மட்டுமே எஞ்சியவர் அந்த வகைகளுக்குள் எளிதில் அடங்குவதில்லை. சான்றிதழ் ஒருபுறமிருக்க, தமிழகத்தில் வீடு தேடிச் சென்று இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள், நோயாளியின் கைகால்களைப் போலவே பராமரிப்பவரின் உறக்கத்தையும் மனநிலையையும் விசாரிக்கப் பயிற்சி பெற வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகள் இக்குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேச ஓர் அறையை ஒதுக்கித் தர வேண்டும். நலம் விசாரிக்கச் செல்லும் உற்றார், பழங்களை வைத்துவிட்டு உடனே திரும்பாமல், ஒரு பிற்பகல் முழுதும் நோயாளியுடன் இருந்து, அவரைப் பார்த்துக்கொள்பவர் சற்றே உறங்கி எழ வழி செய்ய வேண்டும்.