நாலு பேர் முன்னிலையில் ஒரு செலவு

ஒரு பொருள் இன்றியமையாததா, ஆடம்பரமா என்பதை உடலின் தேவை மட்டும் தீர்மானிப்பதில்லை. அது இல்லாமல் நாலு பேர் முன்னிலையில் கூச்சமின்றி நிற்க முடியுமா என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ நூலில் இதை விளக்கினார். பண்டைய கிரேக்கரும் ரோமானியரும் ஆளி நாரில் நெய்த லினன் துணி இல்லாமலே வசதியாக வாழ்ந்தார்கள் என்று அவர் கருதினார்; ஆனால் அவர் காலத்து ஐரோப்பாவின் பெரும்பகுதியில் நாட்கூலித் தொழிலாளிகூட லினன் சட்டையின்றி வெளியில் தலைகாட்டக் கூசினார். இங்கிலாந்தில் பரம ஏழைக்கும் தோல் காலணி கட்டாயமாக இருந்தது; ஸ்காட்லாந்தின் ஏழைப் பெண்கள் வெறுங்காலோடு நடந்தால் யாரும் இழுக்காகக் கருதவில்லை. குளிர் இரு நாட்டிலும் உண்டு. வேறுபட்டது ஊரார் பார்வைதான். அத்தகைய பொருள்களையும் ஸ்மித் அத்தியாவசியம் என்றே வகைப்படுத்தினார்.

தென் தமிழகத்துத் திருமணங்களிலும் காதுகுத்துகளிலும் இதே விதி செயல்படுகிறது. தாய்மாமன் சீர்த்தட்டுகள் மேளதாளத்துடன் வருகின்றன. மொய் எழுதுபவர் பெயர், ஊர், தொகை மூன்றையும் நோட்டில் பதிகிறார். வந்த மொய்யைத் திருப்பிச் செய்யும்போது சற்றுக் கூட்டியே செய்ய வேண்டும் என்பது வழக்கம். கையில் பணமில்லாதவர் நகையை அடகு வைத்தாவது செய்முறையை முடிக்கிறார். இதைத் தகுதிக்கு மீறிய செலவு என்று கண்டிப்பது எளிது, ஆனால் நியாயமன்று. அவசரத்துக்குக் கைமாற்றும், பிள்ளைகளுக்கு வரனும் உறவின் வழியாகவே கிடைக்கும் இடத்தில், மொய் நோட்டிலிருந்து பெயர் விடுபடுவது உண்மையான இழப்பு.

கூட்டத்தின் பிடி எவ்வளவு வலியது என்பதை அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் சோதித்தார். கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய கேள்விக்கு, முன்னேற்பாட்டின்படி மற்றவர்கள் ஒருமித்துத் தவறான விடை சொன்னபோது, சோதனைக்கு உள்ளானவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை தம் கண் கண்டதை விட்டுக் கூட்டத்தோடு ஒத்துப்போயினர். சரியான விடை சொல்லும் துணை ஒருவர் இருந்தாலே அந்த இணக்கம் பெரிதும் குறைந்தது.

சீர்வரிசைக்கு அந்தத் துணை எங்கிருந்து வரும் என்பதே கேள்வி. கூலிக் குடும்பம் தட்டுகளைக் குறைத்தால் அதை ஊர் இல்லாமை என்றே படிக்கும். ஊரில் பெரிய வீடு குறைத்தால் அப்படிப் படிக்க முடியாது.