நகம் இல்லாத விரலுக்கு ஒரு மடக்குக் கத்தி

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீல மையில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். முப்பது வருடம் மின்கம்பம் ஏறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளைப் பார்க்க மஸ்கட் கிளம்பியபோது, கைப்பையில் மறந்து வைத்திருந்த மடக்குக் கத்தியை விமான நிலையச் சோதனையில் வாங்கிக்கொண்டார்கள். 19 வருடம் கூடவே இருந்த கத்தி. அதற்குப் பதிலாக எதை வாங்கலாம் என்று கேட்கிறார். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் குறுக்காக ஒரு வரி: வேலையில் அடிபட்டு வலது கட்டைவிரல் நகம் போய்விட்டதாம், மறுபடி வளரவே இல்லையாம்.

அந்த ஓர வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

பையில் ஒரு கத்தி இருந்தால் எதற்கெல்லாம் ஆகும் என்று, சணல் அறுத்து, ஒயர் சீவி, மாங்காய் நறுக்கிப் பழகியவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அளவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அலகு உங்கள் உள்ளங்கை அகலத்தைத் தாண்ட வேண்டாம். 7 அல்லது 8 சென்டிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால் உட்காரும்போது தொடையில் இடிக்கும், ஒரு வாரத்தில் மேசை இழுப்பறைக்குப் போய்விடும்.

பேனாக்கத்தி என்கிறோமே, அதில் பேனா எப்படி வந்தது? பேனா போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்த சொல். அவர்கள் மொழியில் அதற்கு இறகு என்றும் பொருள். இறகைச் சீவி மையில் தொட்டு எழுதிய காலத்தில், மழுங்கிய முனையை அடிக்கடி சீவ எழுதுபவர் பக்கத்தில் ஒரு சின்னக் கத்தி இருந்தே ஆக வேண்டும். 19-ம் நூற்றாண்டில் எஃகு நிப் பெருகியது, இறகு போயிற்று, கத்தி மட்டும் பழைய பெயரோடு தங்கிவிட்டது. நம்மிடமும் இதற்கு ஒரு பங்காளி உண்டு: மடக்கெழுத்தாணி. ஒரு பக்கம் ஓலையில் எழுதும் கூரான ஆணி, மறுபக்கம் ஓலையை வாரி ஒழுங்குபடுத்தும் சிறு கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அப்படி ஒன்றைப் பார்த்தபோது அதைச் செய்த கொல்லரை நினைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வாங்கியவர் மடியில் செருகிக்கொண்டு ஊர் ஊராகப் போவார், மடியைக் கிழிக்கக்கூடாது என்று அந்தக் கொல்லர் யோசித்திருக்கிறார்.

மடக்குக் கத்தியின் சங்கடமே இதுதான். எந்த இடத்தில் பலம் வேண்டுமோ, அங்கேயே அதை இரண்டாக வெட்டி ஓர் ஆணியில் கோத்திருக்கிறார்கள். அழுத்தி அறுக்கும்போது அலகு மடங்கக்கூடாது. பையில் கிடக்கும்போது திறக்கக்கூடாது. வேண்டும்போது இரண்டும் நடக்க வேண்டும். கடையில் கத்தியைக் கையில் எடுத்ததும் எல்லோரும் கூரைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது அந்த ஆணியை.

பழைய வழி முதுகில் ஒரு வில். சுவிட்சர்லாந்தின் ஈபாக் ஊரில் 1884-ல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்ஸ்னரின் சிவப்புக் கத்தி அந்த வகைதான், அந்தப் பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ். அலகின் அடிப்பகுதி சதுரமாக இருக்கும், எஃகுப் பட்டை ஒன்று அதை அழுத்திக்கொண்டிருக்கும். சதுரத்தின் தட்டையான பக்கம் பட்டையில் உட்காரும்போது அலகு நிற்கும். அங்கிருந்து நகர, அதன் மூலை பட்டையைத் தூக்கியாக வேண்டும். ‘டக்’ என்று கேட்கும் சத்தம் அந்த மூலை தாண்டும் சத்தம். 1897-ல் எல்ஸ்னர் காப்புரிமை பெற்ற கத்தியில் ஆறு கருவிகளுக்கு இரண்டே வில்கள். ஒரு வில் இரண்டு பக்கமும் வேலை செய்தது. அவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்தும், இது பூட்டு இல்லை. அலகின் முதுகில் எதிர்ப்பக்கம் அழுத்தினால் விரல்மேல் மடங்கும்.

பூட்டு உள்ளவையும் உண்டு. அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964-ல் கொண்டுவந்த 110 என்ற கத்தியில், பிடியின் முதுகில் ஒரு நெம்புகோல் அலகைக் கவ்வும். 1980-களில் மைக்கேல் வாக்கர் என்ற கத்திக் கலைஞர் செம்மைப்படுத்திய வகையில், பிடிக்குள் இருக்கும் தகடு பக்கவாட்டில் துள்ளி வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும். இன்று கடைகளில் தொங்குபவற்றில் பல இந்த வகைதான். நன்றாகச் செய்தது நன்றாகவே நிற்கும். ஆனால் மூடும்போது கட்டைவிரல் அலகு வரும் பாதையிலேயே இருக்கும், பழகாத கைக்கு அது நல்லதில்லை. மலிவுப் பிரதிகளில் அந்தத் தகடு எப்போது நழுவும் என்று செய்தவருக்கே தெரியாது. அப்படி ஒன்றால் என் தம்பிக்கு ஆள்காட்டி விரலில் மூன்று தையல் போட்டார்கள்.

இப்போது எனக்குப் பிடித்ததற்கு வருகிறேன். பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைப்பகுதி சவோய். அங்கே கோடாலி, அரிவாள் செய்யும் குடும்பத்தில் பிறந்த ஜோசஃப் ஒப்பினெல், 1890-ல், தன் 18-வது வயதில், குடியானவர்களுக்காக ஒரு கத்தி செய்தார். ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஆணியைத் தாங்க ஓர் உலோகப் பூண். உலக்கைப் பூண் மாதிரியேதான், மரம் பிளக்காமல் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். 1897-ல் 1 முதல் 12 வரை எண் கொடுத்துப் பன்னிரண்டு அளவுகள் வந்தன. 1-ம் எண்ணும் 11-ம் எண்ணும் பிறகு நின்றுபோயின. இன்று உலகமெங்கும் அதிகம் தெரிந்தது 8-ம் எண், அலகு 8.5 சென்டிமீட்டர். அலகில் கிரீடம் சூடிய ஒரு கை பொறித்திருக்கும். கை, பக்கத்து நகரமான சான்-ழான்-டெ-மோரியென்னின் சின்னம். கிரீடம் சவோய் கோமகன்களுடையது.

1955 வரை அதில் பூட்டு கிடையாது. மார்செல் ஒப்பினெல் அந்த ஆண்டில் சேர்த்தது ஒரே ஒரு வளையம். பூணின் மேல் இன்னொரு எஃகு வளையம், அதில் நெடுக ஒரு வெட்டு. வளையத்தின் வெட்டும் பிடியின் பிளவும் நேர்க்கோட்டில் இருந்தால் அலகு போய்வரும். விரலால் கொஞ்சம் திருப்பிவிட்டால் வளையத்தின் முழுச் சுவர் அலகின் அடியில் வந்து நிற்கும், மடங்க வழியில்லை. 2000-க்குப் பிறகு செய்தவற்றில், மூடிய நிலையிலும் இதே வளையம் பூட்டும். வில் இல்லை, துள்ளும் தகடு இல்லை. பூட்டியிருக்கிறதா என்று பார்த்தாலே தெரியும், இருட்டில் தொட்டாலும் தெரியும். மூடும்போது எந்த விரலும் அலகின் பாதையில் இல்லை. எங்கள் வீட்டுக் கிணற்றடிக் கதவில் இருந்த மரத்தாழ்ப்பாளைப் போல, ஒளித்துவைக்க அதில் ஒன்றுமே கிடையாது.

அதற்கு ஒரு குணம் உண்டு. பலர் அதைக் குறை என்பார்கள், எனக்கு அதுதான் அந்தக் கத்தி. பிடி பெரும்பாலும் பீச் என்னும் மரம். மரம் ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் நெடுக வளராது, குறுக்கேதான் பருக்கும். நம் ஊரில் மண்வெட்டிக் காம்பு கோடையில் ஆடத் தொடங்கினால் ராத்திரி முழுக்க வாய்க்கால் தண்ணீரில் போட்டுவைப்பார்கள், காலையில் இறுகியிருக்கும். அதே பருத்தல்தான் இங்கே பிளவை நெருக்கி அலகைக் கவ்விக்கொள்கிறது. ஐப்பசியில் சென்னையில் என் 8-ம் எண்ணை நகத்தால் இழுத்துத் திறக்க முடிவதில்லை. இழுத்தால் நகம் பெயரும்.

சவோய்க்காரர்கள் நகத்தால் இழுப்பதில்லை. வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிளவு கீழே பார்க்கும்படி பிடித்து, பிடியின் வால்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டுவார்கள். பிடி நின்றுவிடும், அலகு வந்த வேகத்தில் இன்னும் கொஞ்சம் போகும். பிளவிலிருந்து அது தலைநீட்டியதும் இரண்டு விரல் நுனியால் முதுகைப் பிடித்துத் திறக்கலாம். சவோய்க்காரன் தட்டு என்றே அதற்குப் பெயர். வால்முனை அதற்கென்றே சாய்வாகச் சீவியதுபோல இருக்கும்.

எஃகுக்கு வருவோம். ஒப்பினெல் இரண்டு விதமாக வருகிறது, துருப்பிடிக்கும் கரிம எஃகு, பிடிக்காத எஃகு. முதலாவதில் கரிமம் ஏறக்குறைய 0.9 விழுக்காடு. இரண்டாவதில் குரோமியம் 13 விழுக்காட்டை ஒட்டி. கரிம எஃகு சட்டென்று கூர் ஏறும், கல்லில் நான்கு இழுப்பில் மயிர் சிரைக்கும். ஆனால் மாங்காய் நறுக்கினால் கறுக்கும். பாட்டியின் அரிவாள்மனை நினைவிருக்கிறதா? வாழைப்பூவும் மாவடுவும் அதன்மேல் வருடக்கணக்காகப் பூசிய அந்தக் கருநீலம் துரு அல்ல, துருவைத் தள்ளிவைக்கும் தோல். சிவந்து பொரிந்தால்தான் துரு. தினமும் துடைக்கிறவருக்குக் கரிம எஃகு. கடற்காற்று உள்ள ஊரிலோ, வியர்வைச் சட்டையிலோ வைத்திருப்பவருக்குத் துருப்பிடிக்காததே நல்லது.

என் அப்பா கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கன்று நாற்றுப்பண்ணையில் ஒட்டுக் கட்டும் வேலை பார்த்தார். அவர் கத்தியைக் கல்லில் தீட்டாமல் ஒருநாளும் வேலை தொடங்கியதில்லை. ஒட்டுக்குச்சியை ஒரே இழுப்பில் சீவ வேண்டும். இரண்டாவது இழுப்புப் போட்டால் தோல் நசுங்கும், நசுங்கிய இடம் சேராது, கன்று பட்டுப்போகும் என்பார். மழுங்கிய கத்தி செய்யும் கொடுமையை நான் அங்கேதான் கற்றேன். கூரான கத்தி சொன்ன இடத்தில் போகும். மழுங்கியதை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும், தள்ளும்போதுதான் வழுக்கிக் கையைப் பதம் பார்க்கும்.

இதைச் சொல்லும்போது வருத்தப்படாமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்கு வீடு நான்கு கத்தி இருக்கிறது, தக்காளித் தோலை அறுக்க ஒன்றுக்கும் வக்கில்லை. ஒரு சாணைக்கல் வாங்கி வைத்திருக்கும் வீடு அரிது. வேகமாகச் சுற்றும் மோட்டார் சக்கரத்தில் பொறி பறக்கக் கொடுத்துத் தீட்டிக்கொண்டு வருகிறார்கள். விளிம்பு நீலமாகியிருக்கும். நீலம் என்றால் அந்த இடம் 300 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சுட்டிருக்கிறது, எஃகின் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் தங்காது. மிதி சாணைக்காரர் சக்கரத்தை மெல்ல ஓட்டி, நடுவே தண்ணீர் தொட்டு, கட்டைவிரலால் சூடு பார்த்துப் பார்த்துத் தீட்டுவார். அவர் சத்தம் தெருவில் குறைந்துகொண்டே வருகிறது. வந்தால் தயவுசெய்து கூப்பிடுங்கள்.

இன்னொன்று, கத்தியால் நெம்பாதீர்கள். பெயின்ட் டப்பா மூடி, ஸ்க்ரூ, கதவிடுக்கு எல்லாவற்றுக்கும் அலகின் முனையை நுழைத்து உடைத்துவிட்டு, கத்தி மட்டம் என்று தூக்கிப் போடுகிறோம். திரையில் கத்தி என்றாலே குத்து என்று ஆகிவிட்டதால், பையில் கத்தி வைத்திருப்பவரைப் பார்த்தால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். என் பத்து வயதில் அப்பா தன் கத்தியைக் கொடுத்துப் பென்சில் சீவச் சொன்னார். எப்போதும் உன் உடம்பிலிருந்து வெளியே சீவு, மூடிக் கொடு, துடைத்து வாங்கு என்று மூன்றே கட்டளை. அதை ஒரு பிள்ளைக்குச் சொல்லித்தர நமக்கு இப்போது நேரமில்லை. பார்சலைப் பல்லால் கடித்துக் கிழிக்கிறோம்.

மன்னார்குடி நண்பருக்கு: ஒப்பினெல் 7-ம் எண் வாங்குங்கள், அலகு 8 சென்டிமீட்டர், துருப்பிடிக்காத எஃகு. டெல்டாவின் ஈரத்தில் மரம் பருக்கத்தான் செய்யும். வாங்கியதும் பிடியை உள்ளும் புறமும் ஆளிவிதை எண்ணெயில் நனைத்துத் துடைத்து இரண்டு நாள் உலரவிடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது உலராது, பிளவுக்குள் தூசியைப் பிடித்துவைக்கும். தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். மாதம் ஒருமுறை எண்ணெய்க்கல்லில் இரண்டு பக்கமும் சமமாக, கல்லோடு 20 டிகிரிக்கு மேல் தூக்காமல் இழுங்கள். மறுபடி மஸ்கட் போகும்போது அதை அடியில் போகும் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

அலகில் நகம் மாட்டி இழுக்க ஒரு சிறு குழி இருக்கும், அது உங்களுக்கு வேண்டாம். என்னுடையதை வைத்து நேற்று வலது கட்டைவிரலை மடக்கிக்கொண்டு இருபது தடவை பார்த்தேன். திண்ணைத் தூணிலோ, கம்பத்திலோ வால்முனையை ஒரு தட்டு தட்டினால் போதும், அலகு தானே தலைநீட்டுகிறது.