எந்த விளக்கு பிரகாசம்?

பழைய தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் ‘ரீஃப்’ என்றால் பக்கத்துச் சாம்பியன் ரீஃப் சுரங்கம், தங்கம் ஓடிய பாறை. கடலில் அதே சொல் பவளத்திட்டு. வீட்டில் பவளம் வளர்க்கும் தொட்டிக்கு எல்இடி விளக்குகளை எப்படி ஒப்பிடுவது?

வாட் என்பது மின்செலவு. லூமென் நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். நீல விளக்கு நமக்கு மங்கல்; பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கோ அதுதான் உணவு தயாரிக்க உதவும் ஒளி. அதை அளப்பது ‘பார்’ (PAR) அளவு. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியைக் கணக்கிடும். ஒப்பிட வேண்டிய இரண்டு விளக்குகளையும் ஒரே உயரத்தில் தொங்கவிட்டு, தண்ணீருக்குள் ஒரே ஆழத்தில், நடுவிலும் மூலையிலும் அளந்து பாருங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: நம் கடலின் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. அவற்றைக் கடலிலேயே வாழ விடுவோம்.