ஜப்பான் பொத்தான், ஜமைக்கா ஆட்டம், நம்மூர் உறுமி… தெரியுமா?

ஜமைக்காவின் ரெகே இசை என்றதும் பாப் மார்லியும் கிடாரும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த இசையையே புரட்டிப்போட்டது ஒரு குட்டி கேசியோ கீபோர்டு என்பது தெரியுமா? பெயர் எம்டி-40, 1981இல் கடைக்கு வந்தது. அதற்குள் இருந்த தாளங்களை அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ, அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த இளம்பெண்! கல்லூரியில் அவர் எழுதிய ஆய்வேடு எதைப் பற்றி? ரெகேயைப் பற்றியேதான்! ஆனால் அவர் அமைத்த தாளங்களில் ரெகேயைப் புரட்டிப்போட்ட ஒன்றுக்கு இருந்த பெயரோ 'ராக்'.

ஜமைக்காவில் நோயல் டேவி என்ற இளைஞர் கையில் அந்தப் பெட்டி சிக்கியது. அவரும் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் பொத்தானைத் தட்டினார்கள், அந்தத் தாளம் ஒலித்தது. தயாரிப்பாளர் கிங் ஜாமியிடம் போனபோது அதன் வேகம் குறைந்தது, 'அண்டர் மி ஸ்லெங் டெங்' பிறந்தது. டிரம்ஸ் அடிக்க ஆளில்லை, பேஸ் கிடார் இல்லை, எல்லாம் பெட்டி! 1985 பிப்ரவரி 23, கிங்ஸ்டனில் சவுண்ட் சிஸ்டம் போட்டி. நம் புதுக்கோட்டைப் பக்கம் நார்த்தாமலைத் திருவிழாவில் இரண்டு மைக்செட்காரர்கள் எதிரெதிரே பெட்டி அடுக்கி மல்லுக்கு நின்றால் எப்படியோ, அப்படி. ஜாமி இந்தப் பாட்டைப் போட்டார். அன்றோடு ஜமைக்கா இசை கம்ப்யூட்டர் பக்கம் சாய்ந்தது. அதே தாளத்தின்மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் வந்துவிட்டன!

ஜாமியின் குரு கிங் டப்பி யார் தெரியுமா? ரேடியோ ரிப்பேர்காரர்! பாட்டிலிருந்து குரலை உருவிவிட்டு, தாளத்தை மட்டும் எதிரொலிக்கவிட்டு, மிக்ஸிங் மேஜையையே வாத்தியமாக்கிய மேதை. அதுதான் 'டப்'. இன்றைய ரீமிக்ஸ் எல்லாம் அந்தக் கைக்குக் கடன்பட்டவை.

இந்த ஜமைக்கா பாணி தமிழ்ப் படத்திலும் ஒலித்தது தெரியுமா? 1996இல், 'லவ் பேர்ட்ஸ்' படத்தில்! ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 'நோ ப்ராப்ளம்' பாடிய அபாச்சி இண்டியன், ஜமைக்கா பாணியில் பாடிப் பேர்வாங்கிய பர்மிங்ஹாம் பஞ்சாபி.

இனி வருவதுதான் எனக்குப் புல்லரிப்பது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986இல் லண்டனுக்கு அகதியாகப் போன மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 2005இல் 'அருளர்' ஆல்பத்தில் ஜமைக்காவின் ஆட்ட இசையான டான்ஸ்ஹால் துள்ளலோடு வந்தார். அடுத்து 2007இல் 'கலா', அம்மாவின் பெயர். அதில் 'பாய்ஸ்' பாட்டைக் கேளுங்கள்: உறுமி! நம் சாமியாட்டத்து உறுமி! அந்த வீடியோ எடுக்கப்பட்ட இடம்? ஜமைக்கா! கிங்ஸ்டன் இளைஞர்கள் உறுமிக்கு ஆடுகிறார்கள்!

உறுமி மட்டுமா? கஞ்சிராவைக் கச்சேரி மேடையேற்றிய மான்பூண்டியா பிள்ளையின் ஊர் நம் புதுக்கோட்டை. லயம் இங்கே ரத்தத்தில் ஓடுவது. ஆனால் உலகுக்கே தாளம் தந்த ஒகுடாவின் பெயர் உலகத்துக்குத் தெரியவே பல ஆண்டுகள் ஆயின. தாளம் போட்டவர்கள் கதை எங்கும் இதுதான். உறுமி அடிக்கும் அண்ணன்மாரே, அடுத்த திருவிழாவில் உங்கள் அடியைத் தம்பிகளின் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். உங்கள் பெயரையும் ஊரையும் மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள்!